ஊர்சேர்ப்பு: ‘சமூக மறு ஒருங்கிணைப்பு’ என்ற தொடருக்கு ஒரு மறுப்பு

பாளையங்கோட்டையில் அண்மையில் நடந்த ஒரு கூட்டத்தில், தண்டனை முடித்து வெளியே வருவோரைச் சொந்த ஊரோடு சேர்த்துவைக்கும் பணியைப் பேசியோர் அனைவரும் ‘சமூக மறு ஒருங்கிணைப்பு’ என்றே குறிப்பிட்டார்கள். துண்டறிக்கைகளிலும் அறிக்கைகளிலும் இத்தொடரைப் பலமுறை கண்டு பொறுத்த பிறகே இதை எழுதுகிறேன்.

மூலச்சொல் ‘ரீஇன்டெக்ரேஷன்’. அதன் அடியிலுள்ள இலத்தீன் ‘இன்டெகர்’ என்பதற்கு ஊறுபடாதது, முழுமையானது என்று பொருள். ‘ரீஹபிலிட்டேஷன்’ வேறு, இழந்த தகுதியையும் உரிமையையும் ஒருவருக்குத் திருப்பித் தருவதை அது முதலில் குறித்தது. அதற்கு ‘மறுவாழ்வு’ நிலைத்துவிட்டது. அதனோடு எனக்கு வழக்கில்லை.

‘ஒருங்கிணைப்பு’ அலுவலகத்துக்குரிய சொல். ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகம், ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், குழு ஒருங்கிணைப்பாளர் என, தனித்தனியே இயங்குபவற்றை ஒரே நிருவாகத்தின்கீழ்க் கொண்டுவரும் இடங்களில் அது பொருந்துகிறது. பத்தாண்டு கழித்துத் தன் தெருவுக்குள் நுழைகிறவனுக்கு அதில் இடமில்லை. போதாக்குறைக்கு, பிரித்து எழுதப்படும் ‘மறு’ தமிழில் களங்கம் என்றும் பொருள்படும். களங்கத்தைக் களைய வருகிறவனின் முன்னால் அச்சொல்லையே நிறுத்துவது எனக்கு உறுத்துகிறது.

‘ஊர்சேர்ப்பு’ என்பதே தகும் என்கிறேன். தமிழில் சேர்தல் தன்வினை, சேர்த்தல் பிறவினை. விடுதலையானவன் பேருந்து ஏறி ஊர் போய்ச் சேர்வது முதலாவது. ஊர் அவனைச் சேர்த்துக்கொள்வது இரண்டாவது. முன்னதற்குச் சிறைக்கதவு திறந்தால் போதும், பின்னதற்கே திட்டம் தேவை. நெல்லைச் சீமையில் கோயில் கொடை விழாவுக்குக் குடும்பந்தோறும் தலைக்கட்டு வரி பிரிக்கும்போது அவன் வீட்டு வாசலில் நின்று வரி கேட்டார்கள் என்றால், ஊர் அவனைச் சேர்த்துக்கொண்டது என்று பொருள். கேளாமல் கடந்து போனார்கள் என்றால், சொந்த வீட்டில் குடியிருந்தாலும் அவன் ஊருக்கு வெளியே இருப்பவன்தான்.

‘ஊர்’ என்பது இங்கே ஒரு சாதியின் தெருக்களை மட்டும் சுட்டுவதும் உண்டே, ‘சமூகம்’ பொதுவானதல்லவா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் நெல்லைப் பக்கத்தில் ‘எங்கள் சமூகம்’ என்று ஒருவர் சொன்னால், தம் சாதியைத்தான் சொல்கிறார். பழிக்குப் பழியாக நடந்த கொலைக்குத் தண்டனை பெற்றவனை அவன் சாதி சேர்த்துக்கொள்வதில் பெரும்பாலும் தடையிருப்பதில்லை. இறந்தவரின் வீட்டாரும் வாழும் அந்த இடத்தில் அவன் அச்சமின்றியும் அச்சுறுத்தாமலும் வாழ முடியுமா என்பதே கேள்வி. அவ்விரு வீடுகளையும் உள்ளடக்கக்கூடியது ஊர் என்ற சொல் மட்டுமே.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் பார்க்கும் அளவுக்குச் சிறைவாசலைப் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பவரைக் காண வரும் குடும்பத்தார் அந்தச் சந்திப்பை ‘மனுப் பார்ப்பது’ என்கிறார்கள். அறிக்கைகளிலோ அது ‘நேர்காணல்’, ஏதோ வேலைக்கு ஆளெடுப்பதைப் போல. 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்கீழ்ச் சிறையாளர் ஒருவர் ஊர் போய்வர விடுப்புக் கேட்டால், நன்னடத்தை அலுவலர் அவர் ஊருக்குச் சென்று விசாரிப்பார். ‘இவரை ஊர் சேர்த்துக்கொள்ளுமா?’ என்று அவர் கேட்டால் எந்தத் திண்ணையிலும் விடை கிடைக்கும். ‘மறு ஒருங்கிணைப்புக்கு வாய்ப்பு உண்டா?’ என்று கேட்டால், கேள்வியையே முதலில் விளக்க வேண்டியிருக்கும்.