புள்ளைங்களுக்கு நாப்கின் மடிக்கக் கத்துக்குடுங்க, அதட்டுறத அப்புறம் பாத்துக்கலாம்

கேரளா எல்லையில இருக்கற கொழிஞ்சாம்பாறை பக்கம் குழந்தைங்களுக்கு ஆக்குபேஷனல் தெரபி பண்றேன், அதாவது சாப்புடறது, எழுதறது மாதிரி அன்றாட வேலைங்களப் பழக்கற சிகிச்சை. வர்ற அம்மாங்க நெறைய பேர் சொல்றது ஒண்ணுதான், "ஏனுங்க மேடம், பந்தியில உக்கார வச்சா மானத்த வாங்கறான், சட்டையெல்லாம் சாம்பார், டேபிள் மேனர்ஸ் சொல்லிக்குடுங்க"ம்பாங்க. சரிங்க, ஒரு பேப்பர மூலைக்கு மூலை சேத்து மடிப்பானான்னு கேட்டா முழிப்பாங்க.

மடிக்கறப்ப ஒரு கை புடிச்சுக்கணும், இன்னொரு கை நகரணும், கண்ணு மூலையப் பாத்துட்டே இருக்கணும், விரல் நுனி அழுத்தித் தேய்க்கணும். தட்டப் புடிச்சுக்கிட்டு ஸ்பூன்ல எடுக்கறதும் சோத்தப் பெசஞ்சு சிந்தாம வாய்க்குக் கொண்டு போறதும் இதே வேலைதான். மொபைலக் காட்டி ஆறு வயசு வரைக்கும் ஊட்டிவிட்டுட்டு கல்யாண வீட்ல மட்டும் நீட்டா சாப்புடுன்னா அது எப்படிங்க சாப்புடும்?

நாப்கின்னா சாப்புடறப்ப மடியில விரிக்கற துணிதான், அதுக்குக் கடையில எதுவும் வாங்க வேண்டாம். பழைய பருத்தி வேட்டிய ஒன்றரை அடி சதுரமா வெட்டி ஓரம் தச்சு, கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிக்கோங்க, கஞ்சி இல்லாத துணி மடிப்புல நிக்காது, புள்ளைக்குக் கோவந்தான் வரும். சின்னதுங்களுக்கு முக்கோணம் போதும். அது வந்தப்புறம் விசிறி, முன்னும் பின்னுமா மாத்தி மாத்தி மடிச்சு அடியில புடிச்சு டம்ளர்ல சொருகிட்டா விரிஞ்சு நிக்கும், அப்ப அந்த மூஞ்சியப் பாக்கணுமே! கொஞ்சம் பெருசானதும் பை மடிப்பு: துணிய நாலா மடிச்சு, திறந்த மூலை மேல வர்ற மாதிரி வச்சு, மேல் மடிப்ப மட்டும் கீழ மடக்கி, ரெண்டு பக்கத்தையும் பின்னாடி மடிச்சா ஸ்பூன் சொருக ஒரு பை வந்துரும். பழக நியூஸ்பேப்பர் எடுத்தாலும் சரி, ஆனா அதுல பலகாரம் வச்சுத் தராதீங்க, மை சாப்பாட்டுல ஒட்டும்னு உணவுப் பாதுகாப்பப் பாக்கற மத்திய அரசு அமைப்பு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ 2016லயே சொல்லிருச்சு.

மடிச்சத மேஜையில வைக்கறதையும் அவங்ககிட்டயே விட்ருங்க. ஃபோர்க் இடது, கத்தி வலது, கத்தியோட கூர் பக்கம் தட்டப் பாத்து, தண்ணி டம்ளர் கத்திக்கு மேல. உக்காந்ததும் நாப்கின் மடியில. அவ்வளவுதான், இதுக்கு எதுக்குங்க ஃபீஸ் கட்டி கிளாஸ்?

நம்ம ஊர்ல இலைதான் நெசமான பரீட்சை. நுனி சாப்புடறவங்க இடது பக்கம் வரணும், முடிச்சதும் நம்ம பக்கமா மடிக்கணும், இதெல்லாம் பாட்டிங்களே சொல்லிருவாங்க. பொள்ளாச்சி பக்கம் கல்யாணத்துல சாம்பாருக்கு சோத்துல குழி பண்ணத் தெரிஞ்சா தப்பிச்சுக்கலாம், இந்தப் பக்கம் ஓண சத்யா விருந்துல பாயசத்த இலையிலயே ஊத்திட்டா வழியாம வழிச்சு சாப்புட பெரியவங்களே தெணறுவாங்க. அஞ்சு வயசுப் புள்ளையப் போய் அதட்டாதீங்க.

இடது கைப் புள்ளைங்க விஷயத்துலதான் எனக்குக் கோவமே வருது. கையில சூடு வைப்பேன்னு மெரட்டறது, கையக் கட்டிப் போடறது, இதெல்லாம் இன்னும் நடக்குது. எழுதறது, மடிக்கறது, வெட்டறது எல்லாம் அந்தக் கையிலயே இருக்கட்டும். பந்தியில வலது கைதான்னு வீட்ல பிடிவாதம்னா, சாப்பாட்டுக்கு மட்டும் வலது கைய மெதுவாப் பழக்குங்க, கூட நாள் ஆகும், நெறைய சிந்தும், ஒத்துக்கோங்க. ஆனா ஒரு வயசு கூட ஆகாத குழந்தை எப்பவும் ஒரே கையத்தான் நீட்டுதுன்னா அது வேற, டாக்டர்கிட்ட காட்டிருங்க.

அப்புறம் வாயில சோத்த வச்சுட்டு பேசாத, சிரிக்காத, ஓடாதங்கறது வெறும் மரியாதைக்காக இல்லீங்க. முழுங்கறப்ப மூச்சுக்குழாய் மூடிக்கும், பேசறப்பவும் சிரிக்கறப்பவும் திறக்கும், அந்த நேரத்துல உள்ள போனா அடைச்சுக்கும். அஞ்சு வயசுக்குள்ள முழு நெலக்கடலை வேண்டாம், திராட்சைய நீளவாக்குல வெட்டிக் குடுங்க. இருமிட்டு இருந்தா இரும விடுங்க. இரும முடியல, சத்தமே வரலன்னா, ஒரு வயசு தாண்டின புள்ளைய முன்னாடி குனிய வச்சு தோள்பட்டைங்களுக்கு நடுவுல உள்ளங்கை அடியால 5 தட்டு, அப்பவும் வரலன்னா பின்னாடி நின்னு தொப்புளுக்கு மேல கைய வச்சு உள்ள மேலாக்க 5 அமுக்கு, மாத்தி மாத்திப் பண்ணிட்டே இருங்க, பக்கத்துல ஒருத்தர 108க்கு அடிக்கச் சொல்லுங்க, தமிழ்நாடு-கேரளா எல்லையில இருக்கற வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு ரெண்டு பக்கமும் அதே நம்பர்தான். கண்ணுக்குத் தெரியாதத விரல விட்டுத் துழாவாதீங்க, இன்னும் உள்ள போயிரும்.