டூ-வே மிரர்: தமிழில் ஒளிபுகு ஆடி

வீட்டிலேயே ஸ்மார்ட் மிரர் (பின்னால் வைத்த திரையின் எழுத்துகளும் தெரியும் முகம் பார்க்கும் கண்ணாடி) செய்யப் பொருள் சேர்ப்பவர்கள் முதலில் தடுமாறுவது இந்தப் பெயரில்தான். ஒரு கடையில் ‘டூ-வே மிரர்’ என்பதையே அடுத்த கடையில் ‘ஒன்-வே மிரர்’ என்று விற்கிறார்கள். இரண்டும் ஒரே பொருள். மெல்லிய பூச்சு, விழும் ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பி மீதியை உள்ளே விடுகிறது. வெளிச்சத்தில் நிற்பவருக்குத் தன் முகம் தெரியும். இருட்டில் நிற்பவருக்கு எதிர்ப்பக்கம் தெரியும். விளக்கை இடம் மாற்றினால் இதுவும் மாறிவிடும். எனவே ‘ஒருவழிக் கண்ணாடி’ என்ற மொழிபெயர்ப்பு தவறான எண்ணத்தையே தருகிறது.

மிரர் என்ற சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம், ‘வியந்து நோக்கு’ எனப் பொருள்படும் லத்தீன் வினை. டூ-வே மிரருக்காக 1903இல் எமில் பிளாக் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமையின் தலைப்புக்கு ‘ஒளிபுகும் ஆடி’ என்றுதான் பொருள். வழிக்கணக்குச் சொல்லும் பெயர்களைவிட அதுவே சரியான பெயர்.

தமிழில் ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கின்மேல் போடுவதும் கண்ணாடி. ஆனால் எதிரொளிப்பதற்கென்றே ‘ஆடி’ இருக்கிறது. குறுந்தொகையின் 8ஆம் பாடல், கண்ணாடியில் தெரியும் உருவத்தை ‘ஆடிப்பாவை’ என்கிறது. பாடநூல்களில் குழியாடியும் குவியாடியும் இன்றும் புழங்குகின்றன. ஆகவே ஒளிபுகு ஆடி. ‘ஒளிகசி’ என்று எழுத வேண்டாம், அது பால்கண்ணாடி போல மங்கலாகத் தெரிவதற்கு உரியது. திறன்பேசியை ஒட்டி ஸ்மார்ட் மிரரைத் திறனாடி எனலாம்.

கடையில் வெறும் ‘கண்ணாடி’ என்று கேட்டால் பின்புறம் பெயின்ட் அடித்ததுதான் வரும்; அதன் வழியே திரை தெரியவே தெரியாது. கட்டட முகப்புக்கான ரிஃப்ளெக்டிவ் கிளாஸில் நீலம், பச்சைச் சாயம் இருக்கும்; முகத்தின் நிறமும் எழுத்தின் நிறமும் கெடும். சாயமில்லாமல், சுமார் 70 சதவீதம் எதிரொளித்து 30 சதவீதம் விடுவதாகக் கேளுங்கள். அக்ரிலிக் மலிவு, எடையும் குறைவு. ஆனால் 3 மி.மீ. தகடு பெரிய சட்டத்தில் வளைந்து முகத்தைக் கோணலாக்கும். அமோனியா கலந்த துடைப்பான் பட்டால் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் விழும்.

மானிட்டர் ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். டிஎன் வகைத் திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கறுப்பு சாம்பலாக வெளுத்து, ஆடிக்குப் பின்னால் செவ்வகமாகத் தெரிந்துவிடும். திரை மூடாத பகுதி முழுவதும் பின்னால் கறுப்புத் தாள் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒயர்கள் தெரியும். கணினியிலிருந்து படத்தைக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ கேபிளுக்கான துளை நேர் பின்புறம் நோக்கி இருந்தால் கேபிள் தலைக்காகச் சட்டத்தின் ஆழம் கூடும். கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கும் மானிட்டரைத் தேடுங்கள். திரையை இயக்கும் சிறு கணினியான ராஸ்பெர்ரி பை 4க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் சார்ஜரும் மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிளும் தேவை. மின்சாரம் போதாவிட்டால் திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றும். வெப்பம் வெளியேற, சட்டத்தின் அடியிலும் மேலும் துளையிடுங்கள்.