பன்னிரண்டு எலக்ட்ரான்களில் எத்தனை வெளியே வருகின்றன?

நேரடி எத்தனால் எரிபொருள் மின்கலம் எத்தனால் என்ற ஆல்கஹாலை எரிக்காமலே அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவி. அதில் ஒரு எத்தனால் மூலக்கூறு தண்ணீரோடு சேர்ந்து முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைந்தால் இரண்டு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளும் 12 புரோட்டான்களும் 12 எலக்ட்ரான்களும் கிடைக்கும். புரோட்டான்கள் நடுவிலுள்ள சவ்வைக் கடந்து மறுபக்கம் போகும். எலக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியாகச் சுற்றிப் போகும். அதுதான் நமக்கு வேண்டிய மின்சாரம். மறுபக்கத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் இரண்டையும் வாங்கிக்கொண்டு தண்ணீராகிவிடும். இந்த மின்கலத்தின் வேலை இவ்வளவே.

கணக்கும் ஆசை காட்டுகிறது. ஒரு கிலோ எத்தனாலில் சுமார் 8 கிலோவாட்-மணி ஆற்றல் உண்டு. மெத்தனாலில் 6 சொச்சம்தான். ஹைட்ரஜனைப் போல உயரழுத்தத் தொட்டியில் அடைக்க வேண்டியதில்லை, மெத்தனால் அளவுக்கு நச்சும் இல்லை, பயிர்களிலிருந்தே தயாரிக்கலாம்.

ஆனால் 12 எலக்ட்ரான்களும் வருவதில்லை. எத்தனாலில் இரண்டு கார்பன் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிணைப்பை உடைக்காமல் விட்டால் வினை பாதியில் நின்றுவிடும். அசிட்டால்டிஹைடோடு நின்றால் 2 எலக்ட்ரான்கள், அசிட்டிக் அமிலம் வரை போனால் 4. அசிட்டிக் அமிலம் ஒரு முட்டுச்சந்து: மின்கலம் இயங்கும் வெப்பநிலையில் அதை மேற்கொண்டு ஆக்சிஜனேற்றுவது மிகக் கடினம். மீதி 8 எலக்ட்ரான்களும் அந்த அமிலத்தோடு கழிவாகப் போகின்றன.

இங்கேதான் வினையைத் தூண்டி வேகப்படுத்தும் வினையூக்கியாகப் பிளாட்டினம் வருகிறது. கார்பன் பொடியின் மேல் சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக இந்த உலோகத்தைத் தூவி ஆனோடு, அதாவது எத்தனால் பக்கத்து மின்முனை, செய்கிறார்கள். எத்தனால் பிளாட்டினத்தின் மேல் ஒட்டும். அதன் ஹைட்ரஜன்கள் ஒவ்வொன்றாகக் கழலும். சில மூலக்கூறுகளில் கார்பன் பிணைப்பும் அறுந்துபோகும். நல்ல செய்திதான், ஆனால் அறுந்த துண்டுகள் கார்பன் மோனாக்சைடாக மாறி பிளாட்டினத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். அடுத்த எத்தனால் வந்து உட்கார இடமிருக்காது.

அந்தக் கார்பன் மோனாக்சைடை அகற்ற இன்னொரு ஆக்சிஜன் அணு வேண்டும். அது தண்ணீரிலிருந்துதான் வர வேண்டும். பிளாட்டினம் தண்ணீரைப் பிளக்கத் தொடங்கவே ஆனோடின் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.5 வோல்ட்டைத் தாண்ட வேண்டும். மின்கலம் கோட்பாட்டளவில் தரக்கூடியதே சுமார் 1.14 வோல்ட், அதில் பாதிக்கு அருகில் இப்படிக் கரைந்தால் மிஞ்சுவது என்ன?

அப்புறம்தான் துணை உலோகங்களைச் சேர்க்கும் யோசனை. ருத்தேனியமோ வெள்ளீயமோ குறைந்த மின்னழுத்தத்திலேயே தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் தொகுதியை (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த OH) பிடித்து வைத்துக்கொள்ளும். பக்கத்து பிளாட்டினத்தில் ஒட்டியிருக்கும் கார்பன் மோனாக்சைடு அதோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். இது தவிர, பிளாட்டினத்தின் எலக்ட்ரான் அமைப்பையே துணை உலோகம் சற்று மாற்றி, கார்பன் மோனாக்சைடின் பிடியைத் தளர்த்தவும் செய்கிறது. மெத்தனாலுக்கு ருத்தேனியம் பேர்போனது. எத்தனாலுக்கு வெள்ளீயம் சேர்த்த பிளாட்டினம்தான் பல சோதனைகளில் அதிக மின்னோட்டம் தந்தது.

சரி, சிக்கல் தீர்ந்ததா? இல்லை. வெள்ளீயம் தாராளமாகத் தரும் அதே ஹைட்ராக்சில், பிணைப்பு அறுவதற்கு முன்பே எத்தனாலைப் பிடித்து அசிட்டிக் அமிலமாக்கிவிடுகிறது. மின்னோட்டம் கூடுகிறது, ஆனால் மூலக்கூறுக்கு 4 எலக்ட்ரான் என்ற குறுக்குவழியில். உச்ச மின்னோட்டத்தை மட்டும் வைத்து ஒரு வினையூக்கியைப் பாராட்டுவது என் பார்வையில் சரியில்லை. எரிபொருளில் எவ்வளவு பயன்பட்டது என்பதை அந்த எண் சொல்வதே இல்லை.

கார்பன் பிணைப்பை உடைப்பதில் ரோடியம் கெட்டிக்காரர். 2009இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ராடோஸ்லாவ் ஆட்சிச் குழுவினர் பிளாட்டினம், ரோடியம், வெள்ளீய ஆக்சைடு மூன்றையும் சேர்த்து ஒரு வினையூக்கி செய்தார்கள். வெள்ளீய ஆக்சைடு தண்ணீரைக் கவனித்துக்கொள்ள, ரோடியமும் பிளாட்டினமும் எத்தனாலைப் பிளக்கின்றன. வேலைப் பங்கீட்டை இவ்வளவு தெளிவாக யோசித்த வடிவமைப்பு என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும். ஆனால் ரோடியமும் அரிய உலோகம்தான், விலையும் அதிகம்.

அமிலத்துக்குப் பதில் காரக் கரைசலைப் பயன்படுத்தினால் வினை வேகமாகிறது; அங்கே பல்லேடியமே போதும். ஆனால் உருவாகும் கார்பன் டை ஆக்சைடு காரத்தோடு சேர்ந்து கார்பனேட்டாகி, கரைசலின் திறனை மெல்ல மெல்லக் குறைக்கும்.

பிணைப்பு உண்மையில் உடைந்ததா என்று கண்டுபிடிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெளிவரும் பொருளை நிறைமாலைமானியில் (மூலக்கூறுகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி) எடைபோட்டால் கார்பன் டை ஆக்சைடு 44 என்று காட்டும். அசிட்டால்டிஹைடின் மூலக்கூறு நிறையும் 44! முழு வினையும் அரைகுறை வினையும் ஒரே எண்ணில் வந்து விழுகின்றன. அதனால் ஆய்வாளர்கள் 22 என்ற இடத்தில் பார்க்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடு இரண்டு எலக்ட்ரான்களை இழந்தால் நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதம் 22 ஆகும். அங்கே கிடைக்கும் சமிக்ஞை பலவீனமானதுதான், ஆனால் அசிட்டால்டிஹைடு அங்கே வந்து குழப்புவதில்லை. சாதாரண வெப்பநிலையில் அமிலக் கரைசலில் வெறும் பிளாட்டினத்தை இப்படிச் சோதித்தால், முழுமையாக கார்பன் டை ஆக்சைடு வரை போகும் பங்கு சில சதவீதம்தான்.