பெட்டியில் அச்சிடாத எண்

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். பதினொன்றாம் வகுப்பு. (ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ராத்திரி படுத்தால் காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரே சத்தம். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு, செவிப்பறையில் குறை இல்லை, அழுக்கும் இல்லை என்று, எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் எடுக்க, கேட்கும் திறனைச் சோதிக்கும் என்னிடம் அனுப்பியிருந்தார். கூட வந்தவர் அப்பா. விசைத்தறி ஓட்டுகிறவர்.

சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு என்று ஹெட்போனை மாட்டப் போனேன். "மேடம், இது எந்த மாடல்? டிரைவர் எத்தனை எம்.எம்.?" என்றான். டிரைவர் என்றால் உள்ளே இருந்து ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கர். அந்த ஹெட்போனை வருடக்கணக்காக எடுத்து மாட்டுகிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"எந்நேரமும் இதே பேச்சுதானுங்க மேடம்" என்றார் அப்பா. அவனிடம் மூன்று ஜோடி இயர்பட்ஸ். கோடை விடுமுறையில் பனியன் கம்பெனிக்குப் போய்ச் சம்பாதித்த காசில் வாங்கியவை. வகுப்பில் யார் பட்ஸ் வாங்கினாலும் இவனிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்களாம். 13 எம்.எம். டிரைவர், புளூடூத் 5.3, கேம் விளையாடும்போது சத்தம் எத்தனை மில்லி செகண்ட் தாமதமாக வரும் என்பதுவரை விரல் நுனியில் வைத்திருந்தான். "இதுல ஏ.என்.சி. இருக்கு மேடம். வெளிச்சத்தத்த 32 டெசிபல் குறைக்கும்."

"சரி, உள்ளே எத்தனை டெசிபல் போகுது?" என்று கேட்டேன். முழித்தான். பெட்டியில் அது போட்டிருக்காது மேடம் என்றான். உண்மைதான். என்னிடம் வருகிற பிள்ளைகள் காட்டும் பெட்டிகளில் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று இருக்கும், எடை எத்தனை கிராம் என்றுகூட இருக்கும். காதுக்குள் போகிற சத்தத்தின் அளவை நான் பார்த்ததில்லை.

காது கேட்கும் கருவிகளைச் சோதிப்பதற்கு எங்களிடம் ஒரு சிறு பெட்டி உண்டு. அதில் அவன் பட்ஸைப் பொருத்தி, வழக்கமாக வைக்கும் அளவில் பாட்டை ஓடவிட்டோம். 95 டெசிபல் பக்கம் வந்தது. தோராயமான அளவுதான், ஆனாலும் கணக்குப் போடப் போதும். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறுவர்களுக்கு இன்னும் கண்டிப்பாக 75. இதில் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் காதில் விழும் ஒலி ஆற்றல் இரண்டு மடங்காகிறது, கேட்கக்கூடிய நேரம் பாதியாகிறது. பேப்பரையும் பேனாவையும் அவனிடமே கொடுத்தேன். 83க்கு 20 மணி, 86க்கு 10, 89க்கு 5, 92க்கு இரண்டரை, 95க்கு ஒன்றேகால் மணி நேரம். அதுவும் வாரம் முழுவதற்கும், பெரியவர்கள் கணக்கிலேயே. அவன் ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரம் கேட்கிறான். பேனாவை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தான்.

அவனுடைய ஆடியோகிராமில் மற்ற இடங்களெல்லாம் சரியாக இருந்தன. கீச்சென்ற உயர்ந்த ஒலியான 4000 ஹெர்ட்ஸில் மட்டும் கோடு கீழே இறங்கி மறுபடி மேலே ஏறியது. வலது காதில் அந்த ஒலி 30 டெசிபல் இருந்தால்தான் கேட்டது; இந்த எண் கூடக்கூடக் கேட்கும் திறன் குறைவு. பேசும்போது அப்பா தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டதைக் கவனித்திருந்ததால், அவருக்கும் எடுத்துவிடலாம் என்றேன். அதே இடத்தில் அதே குழி, ஆழம் மட்டும் 60. இருபத்திரண்டு வருடத் தறிச் சத்தம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சத்தத்தால் காது கெடும்போது முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் இந்த 4000 ஹெர்ட்ஸ் பகுதிதான். ஸ, ஷ போன்ற ஒலிகளின் கூர்மைதான் இந்தப் பக்கம் இருக்கிறது, அதனால் ஆரம்பத்தில் காது ஒரேயடியாகக் கேட்காமல் போகாது. கூட்டமான இடத்தில் மட்டும் பேச்சு புரியாது. உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் சுமார் 15,000தான் இருக்கின்றன. போனால் போனதுதான். பறவைகளுக்கு அவை மறுபடி வளரும், நமக்கு வளராது. 'கொய்ங்' சத்தம் காலையில் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் இருந்துவிட முடியாது. 2009இல் பாஸ்டனில் ஷரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மேனும் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், சோதனையில் கேட்கும் திறன் பழையபடி திரும்பிய பிறகும் செவிநரம்பின் இணைப்புகள் நிரந்தரமாக அறுந்திருந்தன.

பையனுக்கு பட்ஸ் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் தறிக்குடோனில் அப்பாவுக்கு ஒத்தாசைக்கு நிற்பவன்.

"எல்லாத்தையும் புடுங்கி வெச்சிடட்டுங்களா?" என்று கேட்டார் அப்பா. பெற்றோர் பலரும் இதையே கேட்கிறார்கள். வேண்டாம் என்றேன். பிடுங்கினால் இரவல் வாங்கிப் போர்வைக்குள் கேட்பான், எத்தனை டெசிபல் என்பது நமக்குத் தெரியவே தெரியாது. இரண்டு வாரம் மட்டும் முழு ஓய்வு, பிறகு மறு சோதனை. அதன்பின் போனிலேயே ஒலிக்கு உச்ச வரம்பு வைத்துக்கொள்ளலாம். பல போன்களில் இந்த வசதி இருக்கிறது. ஐபோனில் இப்போது எத்தனை டெசிபல் போகிறது என்பதையே பார்க்கலாம். தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். அப்புறம், அவன் பெருமையாகச் சொன்ன ஏ.என்.சி. நல்ல விஷயம்தான். டவுன் பஸ்ஸின் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்கத்தான் பிள்ளைகள் ஒலியைக் கூட்டுகிறார்கள். இரைச்சல் குறைந்தால் கூட்டத் தேவையில்லை. ரோட்டில் நடக்கும்போது மட்டும் காதில் எதுவும் கூடாது.

இரண்டு வாரம் கழித்து வந்தான். காதுக்குள் கேட்ட 'கொய்ங்' சத்தம் நன்றாகக் குறைந்திருந்தது. 30 இருந்த இடத்தில் 20. மீதி திரும்புமா என்று கேட்டான். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றேன்.

பையிலிருந்து நோட்டை எடுத்தான். போன் செயலி ஒன்றை வைத்துத் தறிக்குடோனில் நான்கு இடங்களில் அளந்திருக்கிறான். 96, 98, 97, 99. போன் அளவில் சில டெசிபல் பிசகலாம், ஆனால் அவன் எழுதியிருந்தது நம்பும்படியாகத்தான் இருந்தது. அடுத்த பக்கத்தில் காதை மூடும் கவசங்கள் ஐந்தின் விலை, எடை, ஒவ்வொன்றும் எத்தனை டெசிபல் குறைக்கும் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தான். இருப்பதில் நல்லதை வாங்கி அப்பாவுக்குக் கொடுத்தானாம். இரண்டு நாள் போட்டுவிட்டு வேர்க்கிறது என்று அவர் கழற்றி வைத்துவிட்டார். இப்போது காதுக்குள் செருகும் நுரை அடைப்பான் போட்டுக்கொண்டு தறி ஓட்டுகிறார். அது சரியாக உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பது எப்படி மேடம் என்று கேட்கத்தான் வந்திருந்தான்.