ஒரு படத்தைத் திறந்தால் என்ன ஆகும்?

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்துபவருக்கு வெளியூர் ஆர்டர் மெயிலில் வந்தால், கூடவே ஒரு படமும் வரும்: "இதே டிசைன் வேண்டும்." கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக்கியவர்களுக்கும் முன்பின் தெரியாதவர்களின் மெயில்தான் வருமானம். 'தெரியாத மெயிலைத் திறக்காதீர்கள்' என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? திறந்தால்தானே பிழைப்பு!

சரி, படத்தைத் திறந்தால் உள்ளே என்ன நடக்கிறது? 2023 செப்டம்பரில் வெளிவந்த வெப்பி ஓட்டையை, அதாவது நிரலில் இருந்த ஒரு பாதுகாப்புக் குறையை, எடுத்துக்கொள்வோம். வெப்பி என்பது கூகுள் உருவாக்கிய பட வடிவம். அதில் ஒரு வகை, ஹஃப்மன் முறையில் படத்தைச் சுருக்குகிறது. அடிக்கடி வரும் மதிப்புக்குக் குட்டிக் குறியீடு, அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடு. எதற்கு எவ்வளவு நீளம் என்ற விவரம் படக் கோப்பிலேயே இருக்கும். அதைப் படித்து, பிரவுசர் நினைவகத்தில் ஓர் அட்டவணை போடும். ஒழுங்கான கோப்புக்கு அதிகபட்சம் எவ்வளவு இடம் தேவையோ, அவ்வளவுதான் ஒதுக்கப்பட்டிருந்தது. வேண்டுமென்றே தப்பான நீளங்களை எழுதிய கோப்பு வந்தால்? அட்டவணை எல்லை தாண்டி, பக்கத்து நினைவகத்தின் மேல் எழுதிவிடும். அங்கே எது விழ வேண்டும் என்று திட்டமிடத் தெரிந்தவன், தன் கட்டளைகளையே ஓட வைக்க முடியும்.

ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபும் இதை செப்டம்பர் 6 அன்று தெரிவித்தன. 11-ம் தேதி குரோமுக்கும், மறுநாள் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்கும் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளுக்கும் திருத்தம் வந்தது. வெப்பியைப் படிக்க எல்லாவற்றிலும் இருந்தது ஒரே நிரல் தொகுப்பு என்பதால், ஓட்டையும் ஒன்றே. தண்டர்பேர்டில் மெயிலுக்குள் ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் குட்டி நிரல்) ஓடாது, அது நல்ல ஏற்பாடு. ஆனால் படம் காட்ட ஸ்கிரிப்ட் எதற்கு?

இப்படி நடக்கும் என்று தெரிந்தேதான் குரோமை 2008-லேயே செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டுக்கட்டாகப் பிரித்துக் கட்டினார்கள். இணையப் பக்கமும் படமும் முகப்போடு சரி. கோப்புகள் இருக்கும் உள்கட்டுக்குப் போக இன்னொரு கதவைத் தாண்ட வேண்டும், அதற்குத் தனியாக இன்னொரு ஓட்டை வேண்டும். தாக்குபவர்கள் இரண்டு மூன்று ஓட்டைகளைக் கோத்துப் பயன்படுத்துவது இதனால்தான்.

குரோமின் கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70% நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று 2020-ல் கூகுள் சொன்னது. நிரல் எழுதப் பயன்படும் சி, சி++ மொழிகளில் நினைவகத்தின் எல்லையைப் பார்த்துக்கொள்வது எழுதுபவரின் பொறுப்பு. ரஸ்ட் மொழி அதைத் தானே சரிபார்க்கும். பழைய நிரல்களை ரஸ்டில் மாற்றி எழுதும் வேலை மெதுவாக நடக்கிறது. என்னைக் கேட்டால், இன்னும் வேகமாக நடக்க வேண்டிய வேலை அது.

அதுவரை நம் கையில் இருப்பது அப்டேட்தான். குரோம் அதைத் தானாக இறக்கிக்கொள்ளும். ஆனால் மூடித் திறக்கும் வரை ஓடிக்கொண்டிருப்பது பழைய நிரலே. காரைக்குடிக் கடைகளில் வாரக்கணக்கில் மூடாத பிரவுசர்கள் இருந்தால், இன்றே ஒரு தடவை மூடித் திறந்துவிடுங்கள். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு அதுவும் உதவாது. 2023 தொடக்கத்தில் வந்த 109-ம் பதிப்போடு குரோம் அதைக் கைவிட்டுவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் பில் மட்டும் போடுங்கள், மெயிலை வேறொன்றில் திறங்கள்.