ரிகர்ஷன்: சுழற்சியா, மீள்வா?

நிரலில் ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) நேராகவோ வேறொன்றின் வழியாகவோ தன்னையே மறுபடி அழைப்பதுதான் ரிகர்ஷன். அதற்குத் தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் தரும் சொல் தற்சுழற்சி. மாணவர்களிடம் பழகிவிட்ட சொல்தான். ஆனாலும், சி மொழியில் ஓர் அடைவு மரத்தை, அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் கோப்புறைகளை, அடிவரை துருவும் நிரலைக் கைப்பட எழுதிப் பார்த்தவருக்கு அந்தச் சொல் உறுத்தும். எனக்கு உறுத்துகிறது.

லத்தீனில் 'ரெகுர்ரெரே' என்றால் திரும்ப ஓடுதல். 'குர்ரெரே' என்பது ஓடுதல். நாம் அன்றாடம் சொல்லும் கரண்டும், திரையில் மின்னும் கர்சரும் இதே வேரில் முளைத்தவை; கர்சர் என்றால் ஓடுபவன். வேரில் ஓட்டம் இருக்கிறது, திரும்புதல் இருக்கிறது. சுற்றுதல் இல்லை.

நிரலுக்குள் போவோம். 'படங்கள்' என்ற அடைவுக்குள் '2019', அதற்குள் 'திருவிழா' இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நிரலின் செயற்கூறு, ஓப்பன்டிர் என்ற ஆயத்தச் செயற்கூறு கொண்டு 'படங்கள்' அடைவைத் திறக்கிறது. ரீட்டிர் அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறது. பெயர்கள் தீரும்வரை வைல் கட்டளை நடத்தும் இந்த வேலைதான் சுழற்சி. கைக்கு வந்த பெயர் '2019', அது ஓர் அடைவு என்று எல்ஸ்டாட் சொன்னதும், அதே செயற்கூறு புதிதாக அழைக்கப்பட்டு உள்ளே இறங்குகிறது. 'படங்கள்' பாதி படித்த நிலையில் காத்திருக்கிறது. 'திருவிழா'வுக்குள் நிற்கும்போது மூன்று அடைவுகள் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அங்கே பெயர்கள் தீர்ந்து குளோஸ்டிர் அதை மூடியதும், '2019' விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இப்படி இறங்குவதும் ஏறி வருவதுமே ரிகர்ஷன். வைல் சுழற்சியும் இதுவும் ஒரே செயற்கூற்றுக்குள் அருகருகே இருக்க, இரண்டையும் சுழற்சி என்றே அழைத்தால் மாணவர் எப்படிப் பிரித்தறிவார்?

தன்னைத்தானே சுற்றும் நிலையும் ஒன்று உண்டு. ஒவ்வோர் அடைவிலும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்று இரண்டு பெயர்கள் இருக்கும். முன்னது அந்த அடைவையே குறிக்கும். பின்னது தாய் அடைவை. இவற்றைத் தாண்டிப்போக மறந்தால், நிரல் ஒற்றைப் புள்ளி வழியாகத் தனக்குள்ளேயே நுழைந்துகொண்டிருக்கும். லினக்ஸில் ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய கோப்புகளுக்கும் அடைவுகளுக்கும் சேர்த்து வழக்கமான வரம்பு 1024. அதை எட்டியதும் ஓப்பன்டிர் கைவிரித்துவிடும். அது பிழை, ரிகர்ஷனின் இயல்பு அன்று.

தற்சுழற்சியில் உள்ள 'தன்' என்ற முன்னொட்டும் எப்போதும் பொருந்துவதில்லை. கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி நூலின் 1988 பதிப்பில் இதே வேலையைச் செய்யும் நிரல் இருக்கிறது. அதில் எஃப்சைஸ் என்ற செயற்கூறு டிர்வாக்கை அழைக்கிறது. டிர்வாக் எஃப்சைஸை அழைக்கிறது. இரண்டில் எதுவும் தன்னை நேராக அழைப்பதில்லை.

தமிழில் 'மீள்' என்ற வேர் இருக்கிறது. 'மீண்டும் போனான்' என்றால் இன்னொரு முறை. 'ஊருக்கு மீண்டான்' என்றால் திரும்பி வந்தான். செயற்கூறு செய்வதும் இந்த இரண்டும்தான்: மீண்டும் நுழைகிறது, மீண்டு வருகிறது. அதனால் மீள்வு என்பதே என் தேர்வு. சிலர் எழுதும் 'மறுசுழற்சி' வேண்டாம். அது பழைய தாளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உரிய சொல்லாகிவிட்டது. மீள்விலிருந்து மீள்வுச் செயற்கூறு, மீள்வு ஆழம் என்று மற்ற சொற்களும் சிக்கலின்றிக் கிளைக்கின்றன. 'இந்த நிரல் அடைவு மரத்தை மீள்வு முறையில் துருவுகிறது' என்று எழுதி, ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.