கண்டத்தட்டா, புவித்தட்டா?

நிலநடுக்கச் செய்தி வந்தால் 'கண்டத்தட்டுகள் உரசிக்கொண்டன' என்ற வரியும் கூடவே வந்துவிடும். அதில் கண்டமும் சரியில்லை, உரசலும் பல நேரம் சரியில்லை.

ஆங்கிலத்தில் இது டெக்டானிக் பிளேட். கிரேக்கத்தில் 'டெக்டோன்' என்றால் மரவேலை செய்பவர், கட்டுபவர். ஆர்க்கிடெக்ட் என்பதும் 'தலைமை டெக்டோன்'தான். வடமொழியில் மரவேலை செய்பவரைக் குறிக்கும் 'தக்ஷன்' இதற்கு உடன்பிறந்த சொல். நம் தச்சன் அதன் வழியே வந்தவர் என்பது பல மொழியறிஞர்களின் கருத்து. பூமி கட்டப்பட்ட விதத்தைச் சொல்லும் துறைக்குத் தச்சர் பெயர் அமைந்தது எவ்வளவு அழகு!

பிளேட்டுக்குத் தட்டு என்பது அருமையான சொல். சாப்பாட்டுத் தட்டை நினைக்க வேண்டாம். தட்டை, தராசுத் தட்டு என்று தட்டையாக விரிந்ததை எல்லாம் அது குறிக்கும். இங்கே அது பல பத்துக் கிலோமீட்டர் தடித்த, இறுகிய பாறைப் பலகை.

சரி, கண்டம் எங்கிருந்து வந்தது? 1912இல் ஜெர்மன் அறிவியலாளர் ஆல்ஃபிரட் வெக்னர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். கடல்தரையும் சேர்ந்தே நகர்கிறது என்பது 1960களில்தான் தெளிவானது. பசிபிக் தட்டு ஏறக்குறைய முழுவதும் கடல்தரை. நாகப்பட்டினக் கரையில் நின்றால் நம் நிலம் அலையோடு முடிந்ததுபோல் தெரியும். தட்டு முடிவதில்லை, வங்கக் கடலுக்கு அடியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, அந்தமானுக்கு மேற்கே போய்த்தான் இன்னொரு தட்டைச் சந்திக்கிறது. ஆகவே புவித்தட்டு என்பதே பொருந்தும்.

தட்டுகள் சந்திக்கும் இடம் எல்லை. ஐஸ்லாந்தில் இருப்பது விலகும் எல்லை. கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு பக்கவாட்டு நகர்வு எல்லை; உரசல் என்ற சொல் அங்கே பொருந்தும். மூன்றாவது குவியும் எல்லை. இரண்டு பக்கமும் கண்ட நிலமாக இருந்தால் எளிதில் அமிழாது, மடிந்து எழும்பும். இமயமலை அப்படி எழுந்தது. ஒரு பக்கம் கடல்தரை என்றால் அது மற்றதன் அடியில் போகும். இதற்கு 'அமிழ்தல்' என்ற சொல் போதும்.

அமிழும் தட்டு வழுக்கிக்கொண்டே இறங்குவதில்லை. மேல்தட்டோடு சிக்கி நிற்கும்; மேல்தட்டின் விளிம்பையும் சேர்த்துக் கீழே இழுக்கும். 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை அந்தச் சிக்கல் விடுபட்டது. விளிம்பு மேலே துள்ளியது. அதன் மேலிருந்த கடலும் எழும்பியது.